ஓர் ஆள், இரண்டு துடுப்பு



படகு என்றதும் நம் கண்முன் வருவது சம்பான்தான். அகலமானது, கனமானது, உள்ளே இரண்டு பேர் எழுந்து நடந்தாலும் கவிழாமல் நிற்கும். இன்று நான் சொல்லப்போகும் படகு அதற்கு நேர் எதிரானது. நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். ஆனால் தண்ணீரில் படியும் அகலமோ நம் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் ஓரடி அளவுகோலைத் தாண்டாது. போட்டிக்கு வரும் படகு 14 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நன்றாக விளைந்த ஒரு செம்பனைக் குலை இதைவிடக் கனம்! இந்தப் படகில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். அவருக்கு இரண்டு துடுப்பு, கைக்கு ஒன்றாக. ஒவ்வொரு துடுப்பும் மூன்று மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம். ஆங்கிலத்தில் இதை 'சிங்கிள் ஸ்கல்' என்பார்கள். நாம் ஒற்றையர் துடுப்புப் படகு என்று வைத்துக்கொள்வோம்.

ஒலிம்பிக் போட்டியில் ஆண்களுக்கு 1900ஆம் ஆண்டிலிருந்தும் பெண்களுக்கு 1976ஆம் ஆண்டிலிருந்தும் இந்த ஒற்றையர் பந்தயம் நடந்துவருகிறது. வழக்கமான தூரம் 2,000 மீட்டர். ஏழு நிமிடம், எட்டு நிமிடம், அவ்வளவுதான் பந்தயம். அந்த ஏழு நிமிடத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சொல்லப்போனால், ஒரு காலத்தில் அதை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்றோர் ஊர் உண்டு. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் படகுப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. கூலிக்குக் கைவேலை செய்பவரோ, முன்பு செய்தவரோ அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று அவர்களின் விதிப் புத்தகத்தில் இருந்தது. உடலுழைப்பால் வலுப்பெற்றவன் கனவான்களோடு போட்டியிடுவது நியாயமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்படி ஒரு நியாயத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கெல்லி என்ற கொத்தனார் இருந்தார். செங்கல் அடுக்கிப் பிழைத்தவர். ஒற்றையர் படகில் வல்லவர். 1920ஆம் ஆண்டு ஹென்லிப் பந்தயத்துக்கு விண்ணப்பம் போட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் சேர்ந்திருந்த சங்கத்தின் மீது பழைய தடை ஒன்று இருந்தது. அதோடு, அவர் கைவேலை செய்தவர் என்பதையும் காரணமாகக் காட்டினார்கள். அதே ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குப் போனார் கெல்லி. இறுதிப் பந்தயத்தில் அவரை எதிர்த்தவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்ட், அந்த ஆண்டு ஹென்லிக் கோப்பையை வென்றவர். கொத்தனார் அவரை முந்தித் தங்கம் வாங்கினார். சற்று நேரத்தில் தம் உறவினரோடு இரட்டையர் பந்தயத்திலும் இறங்கி இன்னொரு தங்கமும் பெற்றார். ஹென்லி விதி 1937ஆம் ஆண்டில்தான் மாற்றப்பட்டது. கெல்லியின் மகன் 1947ஆம் ஆண்டிலும் 1949ஆம் ஆண்டிலும் அங்கே போய், தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே கோப்பையை வென்றார்.

இப்போது படகுக்குள் உட்காருவோம்.

படகின் இரு பக்கமும் உலோகக் கைகள் நீண்டிருக்கும். துடுப்புகள் அவற்றின் முனையில் பொருந்தித் திரும்பும். உட்காரும் பலகைக்குக் கீழே சிறு சக்கரங்கள் உண்டு. அது முன்னும் பின்னும் உருளும். பாதங்கள் கால்பலகையில் பொருத்திய சப்பாத்துக்குள் இருக்கும். ஆகவே துடுப்பை இழுப்பது கை என்று நினைக்க வேண்டாம். முதலில் கால்கள் பலகையை உதைக்கின்றன. அடுத்து முதுகு சாய்கிறது. கடைசியில்தான் கை மடங்குகிறது. திரும்பி வரும்போது இந்த வரிசை தலைகீழாகும். கை முதலில் நீளும், பிறகு உடம்பு குனியும், பிறகு முழங்கால் மடங்கும். வேலையில் பாதிக்கு மேல் காலுடையது. செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் போடுகிற அண்ணன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையால் மட்டும் தூக்குபவனுக்கு முதுகு போகும். காலால் எழுந்து தூக்குபவன் மாலை வரை வேலை செய்வான்.

இந்தப் படகை ஓட்டுபவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கடந்துவந்த தண்ணீர்தான் அவருக்குத் தெரியும். சில வீச்சுக்கு ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ் கால்வாயில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தபோது கரையிலிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், வாத்துக் குடும்பம் ஒன்று அவர் பாதையில் வரிசையாக நீந்திப் போய்க்கொண்டிருந்தது! மனிதர் துடுப்பை நிறுத்தினார். வாத்துகள் கடந்தபின் மீண்டும் ஓட்டி அந்தப் பந்தயத்தையும் வென்றார். பிறகு தங்கப் பதக்கத்தையும் வென்றார். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்த கதை இது.

முதல் நாள் பயிற்சியில் யாரும் வேகமாக ஓட்டச் சொல்ல மாட்டார்கள். ஏறுவதே ஒரு பாடம். ஒரு கையால் இரண்டு துடுப்பின் பிடிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள சிறு பலகையில் மட்டும் கால் வைக்க வேண்டும். வேறெங்கு மிதித்தாலும் படகின் அடித்தகடு உடைந்துபோகும். அது அவ்வளவு மெல்லியது. உட்கார்ந்த பின்பும் பிடிகளை விடக் கூடாது. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நீண்ட கம்பை ஏந்தி நடக்கிறான் அல்லவா? இங்கே அந்தக் கம்பு துடுப்புதான். இரண்டு துடுப்பின் இலைகளும் தண்ணீர்மேல் தட்டையாகப் படிந்திருக்கும் வரை படகு கவிழாது. ஒரு பிடியை விட்டால் அடுத்த நொடி தண்ணீருக்குள் இருப்போம்.

கரையில் கட்டிய கயிறு படகில் இருக்கும்போதே பழக்குவார்கள். முதலில் கையால் மட்டும் துடுப்பு போடுவது. பிறகு கையும் முதுகும். பிறகு இருக்கையைப் பாதி தூரம் உருட்டுவது. கடைசியில் முழுத் தூரம். அவசரப்பட்டு இந்த வரிசையைத் தாண்டியவர்கள் மாதம் கழித்து மீண்டும் கையால் மட்டும் போடுகிற பாடத்துக்கே திரும்புவார்கள்.

இதில் எல்லோரையும் திணறடிக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பிடிகளும் வயிற்றுக்கு முன்னே வரும்போது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறக்குறைய ஒரு சாண் தூரம் கடந்துபோகும். இடக்கை மேலே, வலக்கை அதன் கீழே, சற்று உடம்பை ஒட்டி. புதியவருக்கு ஒரு கையின் நகம் மறு கையின் முட்டியைக் கீறும். கையை உயர்த்தினால் அந்தப் பக்கத்து இலை தண்ணீரில் ஆழ்ந்துபோகும், படகு சாயும். பயந்துபோய்ப் பிடியை இறுக்குவார்கள். இறுக்க இறுக்கப் படகு மேலும் ஆடும். பயிற்சியாளர் கரையிலிருந்து கத்துவதெல்லாம் ஒரே சொல்தான்: "விரலைத் தளர்த்து!"

மரம் சீவியவர்களுக்கு இது புதிதன்று. உளியை இறுக்கி அழுத்தினால் பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் விழும். அந்தக் காயம் மேடும் பள்ளமுமாக ஆறி, பின்னால் அந்த இடத்தைச் சீவவே முடியாமற் போகும். நல்ல கை உளியை விரலால் நடத்தும். துடுப்பும் அப்படித்தான். விரல்கள் கொக்கி போல வளைந்திருக்க வேண்டும். கட்டைவிரல் பிடியின் முனையில் மெல்ல அழுத்தி நிற்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது இலை செங்குத்தாகவும், வெளியே வந்ததும் தட்டையாகவும் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பலும் விரலின் வேலையே. திருப்பம் பிசகினால் தண்ணீர் இலையைக் கவ்விக்கொண்டு விடாது. இதைப் படகுக்காரர்கள் 'நண்டு பிடிப்பது' என்கிறார்கள். பெயர் வேடிக்கை, ஆனால் ஆளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும் நண்டு அது!

கவிழ்ந்தால் என்ன செய்வது? ஒரே விதி: படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நீந்தத் தொடங்கியவர்கள்தான் களைத்துப்போய் மூழ்குகிறார்கள். படகு மூழ்காது, துடுப்பும் மிதக்கும். படகின் மேல் மார்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும், அல்லது அப்படியே காலை உதைத்துக் கரைக்கு வர வேண்டும். சப்பாத்தின் குதிகாலைக் கட்டியிருக்கும் கயிறு, கவிழும்போது கால் தானாக வெளியே வருவதற்காகவே இருக்கிறது. ஏறுமுன் அந்தக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் பிள்ளையின் பழக்கமாக்கிவிட வேண்டும். கற்றுக்கொடுக்கும் இடங்களில் வேண்டுமென்றே ஒரு நாள் படகைக் கவிழ்த்துப் பழக்குவார்கள். அதைப் பார்க்கும் தாய்மார்கள் பதற வேண்டாம். அதுதான் எல்லாவற்றிலும் மேலான பாடம்.

இனி, பயிற்சி ஒழுங்கு. படகு ஓட்டக் கற்பது ஒரு பாதி. உடம்பு புதிய நடைமுறைக்குப் பழகுவது மறு பாதி. பாதியில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான் போகிறார்கள்.

என்னிடம் படித்துப் போன ஒரு பையன் பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சியில் சேர்ந்தான். மூன்றாம் வாரம் விடுமுறைக்கு வந்தவனைப் பார்த்துவிட்டு அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "சார், புள்ள எட்டு மணிக்கே படுத்துர்றான். சோத்துச் சட்டிய காலி பண்றான். கையெல்லாம் கொப்புளம். படிக்க அனுப்புனமா, கூலி வேலைக்கு அனுப்புனமா? நின்னுடச் சொல்லுங்க சார்" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பையனின் உடம்பில் நடந்துகொண்டிருந்தது நோயன்று.

புதிய பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் உடம்பு முன்னேறுவது போலத் தோன்றாது. தளர்வது போலத்தான் தோன்றும். தூக்கம் கூடும், பசி கூடும், படி ஏறினால் தொடை வலிக்கும். உழைத்த தசையில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றை உடம்பு ஓய்வு நேரத்தில்தான் சரிசெய்து, முன்னைவிட வலுவாகக் கட்டுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுவதும், தசைக்குள் சிறு இரத்தக் குழாய்கள் பெருகுவதும் ஒரே நாளில் நடப்பவையல்ல. பல வாரங்கள் பிடிக்கும். அந்த அம்மாவிடம் நான் மரத்தைத்தான் உதாரணம் காட்டினேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் ஏம்மா சீவுறோம்?" அவருக்குத் தெரியாததா? சீவிய மரத்துக்குப் பால் ஊற நேரம் வேண்டும். ஆசைப்பட்டு நாள்தோறும் சீவினால் கொஞ்ச காலம் மங்கு நிரம்பும். பிறகு வெட்டுப் பட்டை வறண்டு, மரம் பாலே கொடுக்காது. உடம்பும் அப்படித்தான். ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றேன். பொறுத்தார். பையன் இரண்டு ஆண்டு ஓட்டினான். பதக்கம் எதுவும் வரவில்லை; படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறான்.

ஆகவே புதியவருக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் போதும், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்ற அளவில். இடைப்பட்ட நாளில் மெல்லோட்டமோ, துடுப்பு இயந்திரத்தில் இலேசான பயிற்சியோ செய்யலாம். ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். தண்ணீரிலும் எந்நேரமும் மூச்சு வாங்க ஓட்டுவதில்லை. உலக வீரர்களின் பயிற்சியிலேயே பெரும்பகுதி மெதுவான ஓட்டந்தான். நிமிடத்துக்கு 18, 20 வீச்சு. பக்கத்துப் படகுக்காரரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று பொருள். இளைஞர்களுக்கு இது பிடிப்பதில்லை. மெதுவாக ஓட்டுவது சோம்பல் என்று நினைக்கிறார்கள். ஆனால் இழுப்பதற்கு ஒரு பங்கு நேரம், திரும்பி வருவதற்கு இரு பங்கு நேரம் என்கிற தாளம் மெதுவாக ஓட்டும்போதுதான் கையில் படியும்.

காலையில் கண் விழித்ததும் எழாமலே நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துவைப்பது நல்ல பழக்கம். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஓய்வு போதவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. தசை வலி பரவாயில்லை. இடுப்பு முதுகிலோ விலா எலும்பிலோ குத்துகிற வலி வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாப்பாட்டில் விசேஷமாக எதுவும் தேவையில்லை. சோறு, பருப்பு, முட்டை, நெத்திலி, கீரை, வாழைப்பழம். அளவு மட்டும் கூடுதல். டின்னில் விற்கும் சத்து மாவுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கைக் கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். சுத்தமாகக் கழுவி மூடிவையுங்கள். நம் நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உண்டு. திறந்த புண் வழியாக உடம்புக்குள் புகும். தண்ணீரில் இறங்கிய பின் சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஏரித் தண்ணீரில் இருந்தேன் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தண்ணீரைக் கண்டாலே பயமாயிருக்கிறதே என்பவர்களுக்குத் தத்து போக்கனலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக் மாவட்டத்தில், மழை பொய்க்கும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையோடு சேர்ந்து கிணறு வெட்டும் கூலி வேலை செய்தவர். பெட்ரோல் நிலையத்திலும் வேலை பார்த்தார். தந்தை இறந்தபின் 2012ஆம் ஆண்டு இராணுவத்தில் சேர்ந்தார். புனே நகரில் அவருடைய உயரத்தைப் பார்த்துப் படகில் உட்கார வைத்தார்கள். குடிநீருக்கே அல்லாடிய ஊர்க்காரர். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் முதலில் அச்சந்தான். நான்கே ஆண்டுகளில், 2016ஆம் ஆண்டு, ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒற்றையர் படகு வீரராக நின்றார். 13ஆம் இடம் பெற்றார். அவர் அதற்குத் தயாரான மாதங்களில் அவருடைய தாயார் தலையில் அடிபட்டு நினைவு தவறியிருந்தார். 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் உடல்நலம் குன்றிய நிலையில் ஒற்றையர் இறுதிப் பந்தயத்தில் கடைசியாக வந்தார். மறுநாள் நால்வர் படகில் மற்ற மூவரோடு உட்கார்ந்து தங்கம் வென்றார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி. சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக்குக்கு முதன்முதலாகத் தகுதி பெற்ற துடுப்புப் படகு வீரர் ஒரு பெண்தான்: சையிடா ஆயிஷா, 2016ஆம் ஆண்டு. அவருக்குப் பின் 2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன ஜோன் போ ஒரு தாதி. சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர். பயிற்சிக்காகச் சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர், 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்று பரவியதும் மருத்துவமனை வேலைக்குத் திரும்பினார். வேலை நேரத்துக்கு முன்னும் பின்னுமாகப் பயிற்சியை வைத்துக்கொண்டார். நேரம் பிரித்து வேலை செய்யும் நம் ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த நாளின் கணக்கு நன்றாகவே புரியும்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு புதிய பந்தயப் படகு வாங்கும் பணத்தில் சிறியதாக ஒரு கார் வாங்கலாம். யாரும் சொந்தமாக வாங்கிக் கற்பதில்லை. சங்கத்தின் படகு, பல்கலைக்கழகத்தின் படகு, இராணுவத்தின் படகு என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை அங்கே படகுத் துறை உண்டா என்று விசாரிக்கலாம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. புத்ராஜெயாவில் வெட்டிய பெரிய ஏரியில் இன்று டிராகன் படகுப் போட்டிகள் நடக்கின்றன. அந்த நகரம் எழும்புவதற்கு முன்னால், 1990ஆம் ஆண்டுகள் வரை, அந்த நிலத்தில் பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் இருந்தன. நாம் 'பி.பி. மரம்' என்று சொல்கிறோமே, அந்த இரண்டு எழுத்தும் பிராங் பெசாரின் பெயர்தான். அங்கே மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி நேரத்தில் மோட்டார்ப் படகில் ஒருவர் உடன் வருகிறாரா? மிதவைச் சட்டை உண்டா? இடி முழங்கினால் எல்லாரும் உடனே கரையேற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறதா? நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் விடியற்காலைப் பயிற்சியே நல்லது. காற்றும் எழுந்திருக்காது, தண்ணீரும் பலகை போல் இருக்கும். பெரட்டுக்கு எழுந்து பழகிய வீட்டில் அந்த நேரம் ஒரு பெரிய காரியமன்று. எல்லாவற்றுக்கும் முன்னால், "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று பிள்ளையைக் கேட்காத பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். தெரியாதென்றால் அதை முதலில் கற்கட்டும், முறையான குளத்தில், கற்றுக்கொடுப்பவர் ஒருவர் உடனிருக்க. தோட்டத்துக் குளத்திலும் ஈயக் குட்டையிலும் வேண்டாம். படகு எங்கும் போய்விடாது. இரண்டு மாதம் கழித்து ஏறலாம்.